அக்கா அமைத்த ஆட்டம்

தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த பாட்டு நிகழ்ச்சியில், பாடுகிறவர்களுக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் ஆடுவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். குழு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், சென்னையில் ஒரு மொட்டைமாடியில் என்றே சொல்லிவந்தேன். மொட்டைமாடி உண்மைதான். ஆனால் அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே, ஐம்பதுகளின் நடுவில், போடிநாயக்கனூரில் அது ஆரம்பித்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சின்ன ஊரில் பிறந்த வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்போது நானும் அக்காவும் அம்மாவும் ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் காய் ஆயும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைச் சுளகில் பரப்பி, பச்சை மாறாத பெரிய காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். நாற்பது ஐம்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்போம். அந்த வாசனை நல்லது என்று வாங்கிப்போகிறவர்கள் சொல்வார்கள். நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலிதான் வரும்.

எனக்குப் பதினாறு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. டூரிங் டாக்கீஸில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், அதில் வந்த ஆட்டம் முழுவதும் அவள் உடம்பில் ஏறியிருக்கும். மேஸ்திரி வெளியே போன நேரமாகப் பார்த்து எழுந்து, இரண்டு வரிசைச் சுளகுகளுக்கு நடுவே இருந்த சந்தில் ஆடிக்காட்டுவாள். ஒரு காய் சிதறாது. கொஞ்ச நாளில் படத்தில் பார்த்ததை ஆடுவது அவளுக்குச் சலித்துவிட்டது. "இந்த எடத்துல அவ சும்மா நிக்கிறா பாரு, இங்கன ஒரு சுத்து வச்சா எப்படி இருக்கும்?" என்று தானாகவே சேர்க்க ஆரம்பித்தாள்.

அவளை அப்படி ஆடப் பார்த்தவர் ஓர் ஆர்மோனியக்காரர். நாடகக் கம்பெனி ஒன்று கலைந்தபின் போடிக்கு வந்து, பாட்டுக் குழு ஒன்று வைத்திருந்தார். திருவிழாக்களில் சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். கோயில் விழாவுக்கு முதலாளியிடம் நன்கொடை கேட்க வந்தவர், கிட்டங்கி வாசலில் நின்று அக்கா ஆடுவதை முழுவதும் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாடுறவன் மைக்கப் புடிச்சுக்கிட்டு நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கிறான். சனம் எந்திரிச்சுப் போயிருது. பின்னால நாலு புள்ளைக ஆடுனா ஒருத்தன் அசைய மாட்டான். மூணு புள்ளைக கெடச்சாச்சு. ஒங்க மூத்தது வந்தா நாலு" என்றார் அம்மாவிடம்.

"ஆட்டக்காரின்னு பேரு வந்தா எவன் கட்டுவான் இவளை? வேணாம்ண்ணே, போயிட்டு வாங்க" என்றாள் அம்மா.

அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "போறதுன்னா ரெண்டு பேரும் சேந்து போங்க. ஒருத்தி மட்டும் போகக் கூடாது." அக்காவுக்குக் காவலாக என்னை அனுப்ப நினைத்தாள். ஆர்மோனியக்காரர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மூன்று பெண்களில் ஒருத்தியை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார். நான் குழுவுக்குள் வந்தது அப்படித்தான்.

எனக்கு ஆட வராது. கை ஒரு பக்கம் போனால் கால் வேறு பக்கம் போகும். கொட்டகுடி ஆற்றுக்குத் துணி துவைக்கப் போகும்போது, துவைத்து முடித்த ஈரச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணலில் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மணலில் கால் புதையும். "இங்க ஆடிட்டீன்னா பலகையில ஆடுறது ஒண்ணுமில்லடி" என்பாள். நான் தப்பாக வைத்த காலைக் குனிந்து கையால் பிடித்து நகர்த்தி வைப்பாள். ஒருநாள்கூடத் திட்டியதில்லை. எனக்கே எரிச்சல் வந்து உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரிப்பாள்.

மற்ற இரண்டு பெண்களும் அந்தக் கலைந்துபோன நாடகக் கம்பெனியில் இருந்தவர்கள். கொஞ்சம் ஆடத் தெரிந்தவர்கள். ஆனால் ஒரு மாதத்துக்குள் அவர்களும் அக்காவைப் பார்த்தே ஆடினார்கள். ஆர்மோனியக்காரர் தன்னை மாஸ்டர் என்று கூப்பிடச் சொன்னார். அவருக்கு ஆட்டம் தெரியாது. ஒரு பாட்டை வாசித்துவிட்டு, "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று அக்காவைக் கேட்பார். அக்கா ஆடிக்காட்டுவாள். அடுத்த நாள் அதையே எங்களுக்கு மாஸ்டர் சொல்லித்தருவார், அக்காவையும் சேர்த்து நிற்கவைத்து.

முதல் கச்சேரி சிலமலையில், ஒரு கோயில் திருவிழாவில். விசில் அடித்தார்கள், துண்டை வீசினார்கள், ஒரு கல்லும் வந்து விழுந்தது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் கிட்டங்கி முதலாளி முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். அக்கா தனியாக ஆடிய பாட்டுக்கு, இன்னொரு தடவை என்று கை காட்டினவரும் அவர்தான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சுளகைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி அம்மாவைக் கூப்பிட்டார். "மொதலாளி சொல்லிட்டாரு. குடும்பப் பொம்பளைக வேலை செய்ற எடம். ஆடுற புள்ளைகள இங்க வச்சுக்க முடியாது. நீ வேணா வந்துக்கோ." அம்மா தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து காய் ஆய்ந்தாள். நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். அந்த முதலாளி பிற்காலத்தில் கௌரவமாக வாழ்ந்து, கௌரவமாக இறந்தார். அவர் படத்தை ஊரில் பல கடைகளில் மாட்டியிருக்கிறார்கள்.

வேலை போனபின் ஆட்டம் தவிர வேறு இல்லை என்றாகிவிட்டது. ராசிங்காபுரம், தேனி, கம்பம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். பஸ்சில் ஏறினால் பக்கத்து இருக்கைப் பெண்கள் எழுந்து நின்றுகொள்வார்கள். அக்கா அதைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பித் தொடையில் விரலால் தாளம் போடுவாள். எனக்கு அப்படி இருக்க வரவில்லை. அவமானம் ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

இரண்டாம் வருஷம், மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். குரங்கணிவரை ஜீப்பில் போனோம். அதற்கு மேல் நடை. ஆர்மோனியத்தையும் டோலக்கையும், ஏலக்காய் மூட்டை இறக்குகிற பொதிக் குதிரைகளில் கட்டி ஏற்றினார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் வேலையாட்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள் என்று மத்தியானமே கச்சேரி வைத்திருந்தார்கள். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால், காலி டிரம்களின் மேல் பலகை போட்டு மேடை. காலையில் பெய்த மழையில் பலகை ஊறிக் கிடந்தது.

அக்கா ஏறி, காலால் அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணே, அந்தக் கடைசிப் பலகை ஆடுதுண்ணே. கட்டச் சொல்லுங்க."

"ஆடத்தானே வந்திருக்கோம்? அதுவும் ஆடட்டும்" என்றார் மாஸ்டர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது பாட்டில், சுற்றி வந்து கடைசிப் பலகையில் கால் வைத்தபோது அது நழுவியது. அக்காவின் இடது கால் இரண்டு டிரம்களுக்கு நடுவில் முழங்கால்வரை இறங்கிவிட்டது. உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. அவள் கத்தவில்லை. வாயைத் திறந்து என்னைப் பார்த்தாள். மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தாமல், ஆடுங்கள் என்று தலையை ஆட்டினார். மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். நான் ஆடினேன். அவளைத் தாண்டித் தாண்டிப் பாட்டு முடியும்வரை ஆடினேன். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மூன்று நிமிஷம் மேடையில் நான் ஒருத்திதான் ஆடினேன், எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

தோட்டத்துக் கம்பவுண்டர் மலையாளி. காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒடிவு ஒண்ணும் இல்லா. சதவாணு, ரெண்டு திவசம் மதி" என்றார். எலும்பு முறியவில்லை, வெறும் அடிதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மறுநாள் காலையில் ஒரு பொதிக் குதிரையின் சேணத்தில் சாக்கு விரித்து அவளை உட்காரவைத்துக் கீழே இறக்கினோம். குதிரை ஒவ்வோர் அடி இறங்கும்போதும் அவள் துண்டைக் கடித்துக்கொண்டாள். போடியில் கட்டு வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். "லேட்டாக் கொண்டாந்திருக்கீக. சேரும், ஆனா நேராச் சேருமான்னு சொல்ல முடியாது" என்றார்.

ஒரு மாதம் கழித்து மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அக்கா பாயில் கிடந்தாள். அவளிடம் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை, அம்மாவிடம் பேசினார்.

"மதுரையில பெரிய பாட்டுக் குழு ஒண்ணு நம்மளக் கூப்பிடுது ஆத்தா. அங்கயிருந்து மெட்ராஸ்தான். மூத்தவளுக்குப் பதிலா வேற புள்ளையப் பாத்துட்டேன். சின்னதை மட்டும் அனுப்புங்க. நாளன்னைக்கு பஸ்சு."

"ரெண்டு பேரும் சேந்துதான்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அம்மா சொன்னதை மீறி, நான் போகிறேன் என்று சொன்னேன்.

அவர் போனபின் அக்கா என் கையைப் பிடித்தாள். யாரிடமும் எதையும் கேட்காதவள் அவள். "ரெண்டு மாசம் பொறுடி. கட்டுப் பிரிச்சதும் நானும் வந்துர்றேன். நீ இல்லாம நான் மட்டும் அங்க எப்படி வருவேன்? நீ இப்பப் போயிட்டா ஆத்தா என்னைய அனுப்பவே அனுப்பாது."

"ஒரு வாரந்தான்க்கா. வெரசா வந்துருவேன்" என்றேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதோடு நான் நிறுத்தியிருந்தால் இதைச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் அக்கா ஒரு பாட்டுக்கு ஆட்டம் அமைத்துக்கொண்டிருந்தாள். பல்லவியும் முதல் சரணமும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இரண்டாவது சரணம் பாக்கி. மதுரையில் முதல் நாளே அந்தப் பாட்டைத்தான் ஆட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அம்மா வேலைக்குப் போனபின், நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த ரெண்டாவது சரணம்..."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பாயில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையின் இரண்டு விரல்களைக் கால்களாக வைத்துத் தரையில் ஆடிக்காட்டினாள். எங்கே திரும்ப வேண்டும், எங்கே குதித்து உட்கார வேண்டும், நான்கு பேரும் எந்த வரியில் இடம் மாற வேண்டும், எல்லாவற்றையும் அந்த இரண்டு விரலால் காட்டினாள். நான் நின்று ஆடிப்பார்த்தேன். தப்பாகச் செய்த இடத்தில், "அப்படி இல்ல, இப்படி" என்று மறுபடியும் காட்டினாள். சரியாக வந்ததும், "போதும், வந்துருச்சு. நான் தூங்குறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதுரையில் அந்த ஆட்டம்தான் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. சென்னைக்குப் போனதும் அதனால்தான். சென்னையில் மாஸ்டர் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார். ஆட்டம் தெரியாது என்பது அங்கே சீக்கிரம் வெளிப்பட்டுவிட்டது. நான் தங்கினேன். சினிமாவில் கூட்டத்தோடு ஆடினேன், மேடைக் கச்சேரிகளில் ஆடினேன், வயதானபோது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். மொட்டைமாடியில் எட்டுப் பெண்களை நிறுத்தி நான் முதலில் சொல்லிக்கொடுத்தது அக்கா அமைத்த அதே ஆட்டத்தைத்தான். பாட்டு மட்டும் வேறு.

அக்காவின் கால் வளைந்தே சேர்ந்தது. நான் போன மறு வருஷம் அவளைச் சிலமலையில், மனைவியை இழந்த ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆட்டக்காரி, அதிலும் நொண்டி, வேறு யாரும் கேட்டு வரவில்லை என்று அம்மா யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பினாள். எனக்கு அன்று ஷூட்டிங் இருந்தது. கல்யாணத்துக்குப் போகவில்லை. அக்காவின் கணவருக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அக்காவுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவர் மோசமானவர் இல்லை. ஆனால் வீட்டில் ஆட்டம், பாட்டு என்ற பேச்சே இருக்கக் கூடாது என்பவர். அக்கா வயலில் களை எடுத்தாள், பருத்தி எடுத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை நான் சேலை அனுப்புவேன். வந்தது என்று பதில் வரும்.

ஒரு பண்டிகை நாளில் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, யாரிடம் ஆடக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். விளக்குகள் முகத்தில் அடித்தன. எட்டுப் பெண்களும் பின்னால் நின்றார்கள். "யாரும் சொல்லித் தரலை. சின்ன வயசிலேருந்து நானாவே ஆடுவேன்" என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

அதற்கு ஆறு மாதம் கழித்து நான் சிலமலைக்குப் போனேன். அனுப்பிய சேலை திரும்பி வந்திருந்தது. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"எதுல வந்த?"

"பஸ்சுல."

உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தாள். அவள் எதிரில் உட்காரவில்லை. அடுப்படியில் நின்றபடியே பேசினாள்.

"பஞ்சாயத்து டிவியில ஊரே ஒக்காந்து பாத்துச்சு. எம் மகளும் பாத்தா. அவ வயசுக்கு வந்ததுலருந்து நான் அவகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். 'டிவியில ஒங்க சித்தி ஆட வைக்கிறாளே, அதெல்லாம் நான் போட்டுக் குடுத்ததுடி'ன்னு. அவ மட்டுந்தான் நம்புனா. இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

நான் காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

"நீ அப்படிச் சொன்னதும் அவ திரும்பி என்னையப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. பொய்க்காரியப் பாக்குற மாதிரி பாத்தா. நீ என்னைய விட்டுட்டுப் போனதெல்லாம் பழசு. போயிருச்சு. இது எதுக்குடி?"

மகள் சாயங்காலம் போடியில் வகுப்பு முடிந்து வந்தாள். நல்ல பெண். அக்காவின் உயரம், அக்காவின் தோள். நான் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டங்கி, ஆற்று மணல், மலைமேல் விழுந்தது, பாயில் இரண்டு விரலால் சொல்லிக்கொடுத்தது, ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுந்து நின்று இரண்டாவது சரணத்தை ஆடியும் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் என் கையைத் தொட்டாள்.

"பரவால்ல சித்தி. அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. எனக்குப் புரியுது" என்றாள்.

"இல்லம்மா. நெஜமா..."

"சரி சித்தி" என்று சிரித்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

அக்கா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, காப்பி டம்ளரை எடுத்தாள். "ஆறிப் போச்சு. வேற போட்டுத் தர்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "அப்ப கெளம்பு. கடைசி பஸ்சை விட்டுறாத" என்றாள். முற்றத்தைத் தாண்டி அவள் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அக்கா இருந்தாள். மகள் ஆசிரியையாகி, தேனிப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். நான் எழுதிய கடிதங்களுக்கு அக்கா பதில் போடவில்லை. நிகழ்ச்சியில் வேறொருவரைச் சொல்லிக்கொடுக்க வைத்தபின், கேள்வி கேட்க என்னிடம் யாரும் வருவதில்லை. அதனால் இதை நானே எழுதி வைக்கிறேன்.